சில வாரங்களில் முடிந்துவிடும் என்று தொடங்கிய படையெடுப்புகள்: கணக்கு எங்கே தவறியது?

கேள்வி: ராஜேந்தர் நகர் மாணவி

அனைவருக்கும் வணக்கம். குடிமைப் பணித் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டு தில்லியில் தங்கிப் படித்து வருகிறேன். பாதுகாப்புத் துறை அலுவலகங்களில் பணியாற்றியவர்களும் வரலாறு கற்பிப்பவர்களும் இங்குள்ள தமிழர்களில் பலர் இருப்பதால், பல நாள்களாக மனத்தில் இருக்கும் ஐயத்தை இங்கேயே கேட்கிறேன்.

1914-இல் ஏறத்தாழ ஆறு வாரங்களில் பிரான்சை வீழ்த்திவிடலாம் என்று ஜெர்மனி திட்டமிட்டது. நான்கு ஆண்டுகள் பதுங்கு குழிகளில் கழிந்தன. 1939 நவம்பர் 30 அன்று பின்லாந்துக்குள் நுழைந்த சோவியத் படை, ஸ்டாலினின் பிறந்தநாளான டிசம்பர் 21-க்குள் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணத்தோடு போனதாகப் படித்தேன். போர் 105 நாள் நீடித்தது. 1980 செப்டம்பர் 22 அன்று ஈரானுக்குள் புகுந்த இராக், எட்டு ஆண்டுகள் போரிட்டுவிட்டு ஏறத்தாழத் தொடங்கிய எல்லைக்கே திரும்பி வந்து நின்றது. 1941-இல் ரஷ்யாவுக்குள் போன ஜெர்மனி, 1965-இல் காஷ்மீரில் பாகிஸ்தான், 2003-இல் இராக்கில் அமெரிக்கா, 2022-இல் உக்ரைனில் ரஷ்யா என்று பட்டியல் நீளுகிறது.

பாடநூல்கள் இவை அனைத்துக்கும் எழுதி வைத்திருக்கும் காரணம் "அளவு மீறிய தன்னம்பிக்கை" என்பதுதான். அதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் எனக்கு அது விளக்கமாகவே தோன்றவில்லை. திட்டம் வகுத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். ஜெர்மன் படைத்தலைமை அந்தக் காலத்தில் உலகிலேயே மிகக் கடுமையாகப் பயிற்சி பெற்ற அமைப்பு. சர்வாதிகாரியின் அகம்பாவம் என்று சொல்வதானால், மக்களாட்சி நாடுகளும் இதே குழியில் ஏன் விழுந்தன? உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லையா? பேசியிருந்தால், அந்த மறுப்பு எங்கே போயிற்று?


பதில் 1: ஓய்வுபெற்ற பாதுகாப்புக் கணக்கர், ஆர்.கே.புரம்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடை பெரும்பாலும், படைக்கு உணவும் குண்டும் எரிபொருளும் அனுப்பும் வழங்கல் பிரிவின் கோப்புகளில்தான் கிடைக்கும். போர் எத்தனை நாள் நடக்கும் என்பது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பின்னர் கடைசியில் வரும் விடை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். நீங்கள் பட்டியலிட்ட போர்கள் பலவற்றில் அந்த எண் முதலில் எழுதப்பட்டு, மற்றக் கணக்குகள் அதற்கு ஏற்றபடி பின்னோக்கிப் போடப்பட்டிருக்கின்றன. அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இது வியப்பாக இராது: ஒதுக்கீடு இவ்வளவுதான் என்பது மேலிருந்து கசிந்துவிட்டால், கீழிருந்து வரும் மதிப்பீடு எப்படியோ அந்தத் தொகைக்குள் அடங்கித்தான் வந்து சேரும்.

பின்லாந்துப் போருக்கு முன்பு நடந்த ஓர் உரையாடலை, அப்போது சோவியத் பீரங்கிப் படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த வோரனோவ் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். குண்டுகள் எவ்வளவு தேவைப்படும் என்று முடிவு செய்வதற்காக, போருக்கு எவ்வளவு காலம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். பத்து அல்லது பன்னிரண்டு நாள் என்று விடை வந்தது. இரண்டு மூன்று மாதங்களில் முடிந்தாலே மகிழ்வேன் என்று அவர் சொன்னபோது சிரித்தார்கள். பன்னிரண்டு நாளை வைத்தே கணக்குப் போடும்படி அவருடைய மேலதிகாரி குலிக் உத்தரவிட்டார். அதற்கு முன்பே, கூடுதல் படைகளும் கூடுதல் ஆயத்தமும் தேவை என்று சொன்ன படைத்தலைமை அதிகாரி ஷாபோஷ்னிகோவின் திட்டத்தை ஸ்டாலின் ஒதுக்கிவிட்டு, லெனின்கிராட் மாவட்டப் படைகளை மட்டுமே நம்பிய மெரெத்ஸ்கோவின் திட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே மறுப்பு இருந்தது. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது தங்களுக்குப் பிடித்த எண்ணைத்தான்.

1941-இல் ஜெர்மனி செய்தது இதைவிடவும் பாடம் நிறைந்தது. தன் லாரிகளால் எல்லையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வரைதான் படையைத் தாங்க முடியும் என்று ஜெர்மன் வழங்கல் பிரிவு கணக்கிட்டிருந்தது. மாஸ்கோவோ எல்லையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இடைவெளியை ரயில் நிரப்ப வேண்டும். ஆனால் சோவியத் இருப்புப்பாதையின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மன் பாதையின் அகலம் 1,435. ஆகவே ஒவ்வொரு தடத்தையும் பெயர்த்து மாற்றியமைத்துக்கொண்டே முன்னேற வேண்டும். இயந்திரப் படை என்று உலகம் அஞ்சிய அந்தப் படையோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இந்த நிலையில் இருக்கும் ஒரு படைத்தலைமைக்கு நேர்மையான முடிவு ஒன்றுதான் இருந்திருக்க முடியும்: இந்தப் போரை நம்மால் நடத்த முடியாது. அதைச் சொல்வதற்குப் பதிலாக, சோவியத்தின் செம்படை முழுவதையும் த்வினா, நீப்பர் ஆறுகளுக்கு மேற்கிலேயே, அதாவது லாரிகள் எட்டும் தொலைவுக்குள்ளேயே அழித்துவிடுவோம் என்று எழுதினார்கள். எதிரி அங்கேயே அழிவான் என்பதற்கு உளவுச் சான்று ஏதும் கிடையாது. அங்கே அழிந்தாக வேண்டும் என்று அவர்களுடைய வழங்கல் வரம்பு கோரியது, அவ்வளவுதான்.

குளிர்கால உடை பற்றிய கதை பலருக்கும் தெரியும். ஆனால் அதை மறதி என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது மறதி அல்ல. போர் இலையுதிர் காலத்துக்குள் முடியும், அதன் பிறகு ஆக்கிரமிப்புக்காகத் தங்கும் பிரிவுகளுக்கு மட்டுமே கம்பளி தேவை என்ற கணக்குப்படியே அது திட்டமிடப்பட்டது. எடுத்துக்கொண்ட அடிப்படைக்கு அந்த இருப்புக் கணக்கு முற்றிலும் சரியானதே!

மறுப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். படைத்துறைப் பொருளாதாரப் பிரிவின் தலைவர் ஜெனரல் தாமஸ், எரிபொருளும் ரப்பரும் போதாது என்பதை அறிந்தவர். ஆனால் 1941 பிப்ரவரியில் அவர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை, படையெடுப்பால் கிடைக்கப்போகும் தானியத்தையும் எண்ணெயையும் முன்னிறுத்தி, நம்பிக்கை அளிப்பதாகவே அமைந்தது. தரைப்படைத் தலைமை அதிகாரி ஹால்டர், ஜூலை 3 அன்று, ரஷ்யப் போர் இரண்டு வாரங்களிலேயே வெல்லப்பட்டுவிட்டது என்று சொல்வது மிகையாகாது எனத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அதே கை ஆகஸ்ட் 11 அன்று எழுதியது: எதிரியிடம் 200 டிவிஷன்கள் இருக்கும் என்று எண்ணினோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம்.


பதில் 2: வரலாறு கற்பிப்பவர், வடக்கு வளாகம்

மேலே எழுதியுள்ள ஐயாவின் கருத்தை ஏற்கிறேன். தில்லியில் இருப்பவர்கள் அன்றாடம் கடந்துபோகும் ஒரு சான்றை மட்டும் அதனுடன் சேர்க்கிறேன். இந்தியா கேட்டின் நெற்றியில், இந்தியப் படையினர் மாண்ட களங்களாகப் பிரான்சு, பிளாண்டர்ஸ் ஆகியவற்றுடன் மெசபடோமியாவும் (இன்றைய இராக், அன்று துருக்கியின் ஆட்சியில் இருந்தது) பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போர்முனையைத் தொடக்கத்தில் நடத்தியது லண்டன் அல்ல, வைஸ்ராய் ஹார்டிங்கின் இந்திய அரசே.

1914 நவம்பரில் பாஸ்ராவைப் பிடித்ததோடு அங்கே எண்ணெய்க் குழாய்களைக் காக்கும் நோக்கம் ஏறக்குறைய நிறைவேறிவிட்டது. ஆனால் 1915 ஜூனில் ஜெனரல் டவுன்ஷெண்டின் சிறு படை, வெள்ளக்காட்டில் படகுகளில் சென்று, அமாரா என்ற ஊரைப் பெரிய எதிர்ப்பே இல்லாமல் பிடித்துவிட்டது. செப்டம்பரில் கூட் நகரமும் வீழ்ந்தது. எளிதாகக் கிடைத்த இந்த வெற்றிகள்தான் பாக்தாத் வரை போகலாம் என்ற ஆசையைக் கிளப்பின. பாஸ்ராவிலிருந்து பாக்தாதுக்கு ஆற்றுவழித் தொலைவு ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஆழம் குறைந்த டைகிரிஸ் ஆற்றில் செல்லக்கூடிய படகுகள் மிகக் குறைவு. மருத்துவப் படகுகளோ இல்லையென்றே சொல்லலாம்.

யார் நம்பிக்கையின் மேல் யார் சாய்ந்தார்கள் என்று பாருங்கள். கல்லிப்போலித் தோல்வியால் மனம் சோர்ந்திருந்த லண்டனுக்கு ஒரு வெற்றிச் செய்தி தேவைப்பட்டது. போகலாமா என்று லண்டன் இந்திய அரசைக் கேட்டது. களத் தலைமைத் தளபதி நிக்சன் தம்மிடம் உள்ள படை போதும் என்று கருதினால் போகலாம் என்று 1915 அக்டோபரில் அனுமதி அளிக்கப்பட்டது. நிக்சன் போதும் என்றார். களத்தில் படையை நடத்திச் செல்லவிருந்த டவுன்ஷெண்டுக்குப் பெரும் ஐயம் இருந்தது. அதை அவர் எழுதவும் செய்தார். பிறகு கட்டளைப்படி நடந்தார். அனுமதி அளித்த ஒவ்வொருவரும், கணக்கை வேறொருவர் பார்த்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளும்படி அந்தத் தந்திகள் அமைந்திருந்தன. மக்களாட்சி நாடு ஏன் இதே குழியில் விழுகிறது என்ற உங்கள் கேள்விக்கு, என் பார்வையில், இது ஒரு பகுதி விடை: அங்கே ஒருவருடைய அகம்பாவம் தேவையில்லை, பொறுப்பு பல மேசைகளில் பிரிந்து கிடந்தாலே போதும்.

நவம்பர் 22 அன்று, பாக்தாதுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டெசிபோனில் படை மோதி, 4,000-க்கும் மேற்பட்டோரைக் காயத்துக்கும் சாவுக்கும் கொடுத்துப் பின்வாங்கியது. காயம்பட்டவர்கள் வண்டிகளிலும் சரக்குப் படகுகளிலும் திணிக்கப்பட்டு நாள்கணக்கில் பாஸ்ராவுக்குப் பயணம் செய்த கொடுமை, பின்னர் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவில் வெளிப்பட்டது. டவுன்ஷெண்டின் படை கூட் நகரில் முற்றுகையிடப்பட்டது. அதை மீட்கப் போன படைகள் ஏறத்தாழ 23,000 பேரை இழந்த பின்பும், 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். 1917 ஜூலையில் இந்திய விவகார அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார்.

அதே பாக்தாத் 1917 மார்ச் 11 அன்று ஜெனரல் மாடின் படையிடம் வீழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பாஸ்ராத் துறைமுகம் விரிவாக்கப்பட்டது, இருப்புப்பாதை போடப்பட்டது, படகுகள் பன்மடங்காயின. டவுன்ஷெண்டை நிறுத்திய துருக்கியப் படை ஜெனரல் மாடிடம் மட்டும் சோம்பி நின்றுவிடவில்லை. வழங்கல் பாதைதான் மாறியிருந்தது.


பதில் 3: மயூர் விஹார் வாசகர்

நண்பர்கள் இருவரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தோற்றவர்களின் கோப்புகளை மட்டுமே புரட்டுகிறோம் என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. விரைவான வெற்றியை நம்பித் தொடங்கி, விரைவாகவே வென்ற போர்களும் உண்டு. 1948 செப்டம்பரில் ஐதராபாத் ஐந்து நாளில் முடிந்தது. 1961 டிசம்பரில் கோவாவில் இரண்டு நாள்கூட ஆகவில்லை. 1967-இல் இஸ்ரேலுக்கு ஆறு நாள். 1940-இல் பிரான்சு ஆறு வாரங்களில் வீழ்ந்தது. அந்தத் திட்டத்தையும் பல ஜெர்மன் தளபதிகள் பித்துக்குளித்தனம் என்றே எண்ணினார்கள். அன்று மறுத்தவர்கள் தோற்றுப்போனதால்தான் 1941-இல் மறுப்பவர்களுக்கு வாய் எழவில்லை. வென்றால் துணிவு, தோற்றால் மிகைநம்பிக்கை என்று பின்னாளில் பெயர் சூட்டுகிறோமே தவிர, திட்டம் போடும் நாளில் இரண்டையும் பிரித்தறிய ஏதாவது அளவுகோல் உண்டா?

1971 வங்கதேசப் போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 3 அன்று தொடங்கி 16 அன்று முடிந்தது. 93,000 பேர் சிறைப்பட்டனர்.


பதில் 4: ஓய்வுபெற்ற பாதுகாப்புக் கணக்கர், ஆர்.கே.புரம்

மயூர் விஹார் நண்பரே, ஐதராபாத்தையும் கோவாவையும் ஒதுக்கிவிடுவோம். அங்கே இரு தரப்புக்கும் இடையிலான வலிமை வேறுபாடு எந்தக் கணக்கையும் தாங்கும். 1971 நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது.

பதின்மூன்று நாள் போர் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு முன்பு ஏழெட்டு மாத ஆயத்தம் இருந்தது. ஏப்ரலிலேயே படையை அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடிக்கு, மழைக்காலத்தில் கிழக்கு வங்காளத்தின் ஆறுகள் கடலாகிவிடும், இமயக் கணவாய்கள் திறந்திருப்பதால் சீனா வரக்கூடும், டாங்கிகளும் ரயில் பெட்டிகளும் வேண்டிய இடத்தில் இல்லை என்று தரைப்படைத் தலைவர் மானெக்‌ஷா மறுத்ததாக அவரே பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அந்தச் சந்திப்பைப் பற்றிய விவரங்களில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தாக்குதல் குளிர்காலத்துக்குத் தள்ளிப்போனதும், இடைப்பட்ட மாதங்களில் திரிபுராவின் மீட்டர்கேஜ் பாதையிலும் மலைச்சாலையிலும் சுமை சுமையாகத் தளவாடங்கள் போய்ச் சேர்ந்ததும் ஐயத்துக்கு இடமில்லாதவை. தொடக்கத் திட்டத்தில் டாக்கா வெளிப்படையான இலக்காகக்கூட இல்லை என்று கிழக்குக் கட்டளையின் தலைமைப் பணி அதிகாரி ஜேக்கப் எழுதியிருக்கிறார். குறைவாக எதிர்பார்த்து நிறைவாக ஆயத்தம் செய்தார்கள். ஜெர்மனி 1941-இல் செய்தது இதற்கு நேர்மாறு.

அளவுகோல் கேட்டீர்கள். நான் கோப்பைப் பார்க்க நேர்ந்தால் ஒன்றைத்தான் தேடுவேன்: குறித்த நாளில் எதிரி பணியவில்லையென்றால் மறுநாள் காலை ரொட்டியும் குண்டும் டீசலும் எங்கிருந்து வரும் என்று எழுதியிருக்கிறதா? 1940-இல் பிரான்சுத் திட்டம் பலிக்காமல் போயிருந்தாலும், ஜெர்மன் படை தன் எல்லைக்கு அருகில், தன் ரயில் பாதைகளுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கும். 1941-இல் சோவியத் நாட்டுக்குள் மின்ஸ்க்கைத் தாண்டிய பிறகு அப்படி நிற்க இடமில்லை.


பதில் 5: ஆசிரியை, மோதி பாக்

வழங்கலைப் பற்றி எழுதியவர்கள், அந்தப் பக்கத்து மக்களைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை. இந்தத் திட்டங்களில் அவர்களுக்கும் ஒரு வேடம் எழுதப்பட்டிருக்கும்.

1939-இல் பின்லாந்து எல்லையோர ஊரான தெரியோகியில் குசினென் தலைமையில் ஒரு பொம்மை அரசைச் சோவியத் அரசு போரின் இரண்டாம் நாளே நிறுவியது. பின்லாந்துத் தொழிலாளர்கள் எழுந்து வரவேற்பார்கள் என்று நினைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு உள்நாட்டுப் போரில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த அந்நாட்டுச் செம்மையரும் (இடதுசாரிகள்) வெண்மையரும் (அவர்களை எதிர்த்தவர்கள்) ஒரே வரிசையில் நின்று எதிர்த்தனர். 1980-இல் ஈரானின் கூசெஸ்தான் மாநிலத்து அரபு மக்கள் தம்மோடு சேர்வார்கள் என்று சதாம் உசேன் எதிர்பார்த்தார், பெரும்பான்மையோர் சேரவில்லை. 1965 ஆகஸ்டில் ஜிப்ரால்டர் என்று பெயரிட்டு காஷ்மீருக்குள் ஆயுதக் குழுக்களை அனுப்பிய பாகிஸ்தான், பள்ளத்தாக்கில் கிளர்ச்சி வெடிக்கும் என்றும், இந்தியா சர்வதேச எல்லையைக் கடக்காது என்றும் இரண்டு ஊகங்களின் மேல் திட்டத்தை நிறுத்தியது. ஊடுருவியவர்களைப் பற்றி உள்ளூர்க்காரர்களே பல இடங்களில் தகவல் கொடுத்தனர். செப்டம்பர் 6 அன்று இந்தியப் படை லாகூரை நோக்கி எல்லையைக் கடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் கையெழுத்திட்ட கட்டளையில், சரியான நேரத்தில் விழும் ஓரிரண்டு கடும் அடிகளுக்கு மேல் இந்துக்களின் மனவுறுதி தாங்காது என்ற வரி இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் கட்ச் ரண் பகுதியில் நடந்த மோதல் பாகிஸ்தானுக்குச் சாதகமாக முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், வடக்கு வளாக நண்பர் சொன்ன அமாராவின் நிழல் இங்கும் தெரிகிறது.

தமிழர்களாகிய நாம் இந்த இடத்தில் 1987-ஐத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. இந்திய அமைதிப்படை ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக்குப் போனது. அதைப் படையெடுப்புகளின் வரிசையில் வைப்பது சரியன்று. ஆனால் அக்டோபரில் சண்டை மூண்டபோது, ஒரு கெரில்லா அமைப்பு இவ்வளவு பெரிய படைக்கு முன் நெடுநாள் நிற்காது என்ற எண்ணம் தில்லியில் இருந்தது. அமைதி காக்கும் வேலைக்கென்று அனுப்பப்பட்டவர்களுக்குப் போர் வேலை கொடுக்கப்பட்டது. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவினரில் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். முதலில் மாலையிட்டு வரவேற்ற அதே ஊர்கள் குண்டுவீச்சுக்கும் கொலைகளுக்கும் ஆளாகி, சில வாரங்களிலேயே மனம் மாறின. 1990 மார்ச்சில் கடைசி வீரர் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தனர். ஈழத்துக் குடிமக்களின் இறப்பு இன்றுவரை சரிவர எண்ணப்படவேயில்லை.


பதில் 6: ராஜேந்தர் நகர் மாணவி

அனைவருக்கும் மிக்க நன்றி. கணக்கர் ஐயாவின் "மறுநாள் காலை" அளவுகோலை 2003-க்கும் 2022-க்கும் பொருத்திப் பார்த்ததில் ஒரு சிக்கல் எழுகிறது. 2003 மார்ச் 20 அன்று தொடங்கிய படையெடுப்பில் ஏப்ரல் 9 அன்றே பாக்தாத் வீழ்ந்துவிட்டது. வழங்கல் எங்கும் பெரிதாக முறியவில்லை. 2022-இல் கீவ் சில நாள்களில் விழும் என்று எண்ணியது மாஸ்கோ மட்டுமன்று, அமெரிக்க அதிகாரிகளும் அப்படித்தான் கணித்தனர். எதிர்த்தரப்பும் அதே கணிப்பைச் செய்திருக்கும்போது, அதைத் திட்டமிட்டவரின் பிழை என்று எப்படிச் சொல்வது?


பதில் 7: வரலாறு கற்பிப்பவர், வடக்கு வளாகம்

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

2003-இல் போரை வெல்லத் தேவையான படை இருந்தது. வென்ற நாட்டை நிர்வகிக்கத் தேவையான படை இல்லை. பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று தரைப்படைத் தலைவர் ஷின்செகி, படையெடுப்புக்கு ஒரு மாதத்துக்குள்ளாக, நாடாளுமன்றக் குழுவின் கேள்விக்கு வெளிப்படையாக விடை அளித்தார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் வுல்போவிட்ஸ் அதை முற்றிலும் பொருந்தாத மதிப்பீடு என்று தள்ளினார். சதாமை வீழ்த்துவதைவிட அதன் பிறகு ஒழுங்கைக் காப்பதற்கு அதிக வீரர்கள் ஏன் தேவைப்பட வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. உங்கள் முதல் பதிவில் மறுப்பு எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். இங்கே அது பகலிலேயே, பதிவேட்டில் ஏறியே தள்ளப்பட்டது. மே மாதத்தில் இராக்கியப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் ஊதியமின்றித் தெருவில் நின்றனர். கணக்கர் ஐயாவின் மறுநாள் காலை, பாக்தாதில் ஏப்ரல் 10 அன்று விடிந்தது. அன்று கொள்ளையைத் தடுக்கக்கூடப் போதுமான ஆள் இல்லை. தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது.

2022-ஐப் பொறுத்தவரை, வெளியிலிருந்து கணிப்பவர் தவறினால் அறிக்கையைத் திருத்திக்கொள்ளலாம். உள்ளே படையை அனுப்பியவருக்கு அந்த வசதி இல்லை. பிப்ரவரி 24 காலையில் ஹோஸ்தோமல் விமானத்தளத்தில் வான்வழிப் படை இறங்கியது. ஓடுபாதை கைக்கு வந்தால் அடுத்தடுத்த விமானங்கள் இறங்கி, தலைநகர் உடனே பணியும் என்பது திட்டம். ஓடுபாதை பயன்படுத்த முடியாதபடி உக்ரைன் படை தாக்கியதும், தரைவழியே வந்த படைவரிசை கீவுக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்கும் மேலாகச் சாலையிலேயே தேங்கி நின்றது. அந்த வரிசைகளில் கலவரத் தடுப்புக் காவல் பிரிவுகளும் இருந்தன. அதாவது சண்டை முடிந்த ஊரில் ஒழுங்கு காக்கும் ஆள்கள், சண்டை தொடங்கும் முன்பே முன்வரிசைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். இங்கே மறுப்பு தள்ளப்பட்டது என்றுகூடச் சொல்வதற்கில்லை. திட்டம் மிகச் சிலருக்கே தெரிந்திருந்ததால், படைவீரர் பலர் எல்லையைக் கடக்கப்போகிறோம் என்பதைக் கடைசி நேரத்தில்தான் அறிந்தனர். டீசல் எவ்வளவு வேண்டும் என்று கேட்கவேண்டிய அலுவலரிடம் இது போர் என்பதே சொல்லப்படவில்லை. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கீவ் பகுதியிலிருந்து ரஷ்யப் படை முழுவதும் விலகிவிட்டது.

தேர்வுக்கு எழுதுவதானால், மெசபடோமியாவையும் 2003-ஐயும் அடுத்தடுத்து வைத்து எழுதிப் பாருங்கள். நகரம் ஒன்றே, ஆறும் ஒன்றே. முதலாவதில் பாக்தாதை அடைவதற்கான கணக்கு இல்லை, இரண்டாவதில் அடைந்த பின்பு வேண்டிய கணக்கு இல்லை. தேர்வாளர்கள் எதிர்பார்க்காத இணை அது.